சிவப்பு அட்டைத் தடையை ரத்து செய்யலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலகக் கோப்பை, யூரோ, கோபா அமெரிக்கா என்று எது நடந்தாலும் ஒரு சிவப்பு அட்டையைப் பற்றியாவது சண்டை வராமல் இருக்காது. அந்தச் சண்டைகளில் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டுவிட்டேன். பதில்களில் என் கட்சி என்ன என்பதும் தெரியும், மறைக்கவில்லை. பேச்சு முழுக்க தேசிய அணிகளின் ஆட்டங்களைப் பற்றித்தான். கிளப் கால்பந்து ஓரிடத்தில் மட்டும் ஒப்பிடுவதற்காக வரும்.

சிவப்பு அட்டை வாங்கினால் அடுத்த மேட்ச் கண்டிப்பாக ஆட முடியாதா?

முடியாது. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் ஒழுங்கு விதிப்படி, வெளியேற்றப்பட்டவர் அடுத்த ஆட்டத்திலிருந்து தானாகவே விலக்கப்படுகிறார். யாரும் கூடி முடிவெடுக்க வேண்டியதில்லை. தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் வாங்கினால், மீதித் தடை உலகக் கோப்பையின் முதல் ஆட்டம் வரை பின்னாலேயே வரும். நட்பு ஆட்டத்தில் வாங்கியது மட்டும் அடுத்த நட்பு ஆட்டத்தோடு கழியும்.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. அட்டைகளே 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில்தான் வந்தன. இங்கிலாந்து நடுவர் கென் ஆஸ்டனின் யோசனை அது. வேடிக்கை என்னவென்றால் அந்தத் தொடரில் ஒரு சிவப்பு அட்டைகூடக் காட்டப்படவில்லை. உலகக் கோப்பையில் முதலில் வாங்கியவர் 1974இல் சிலியின் கார்லோஸ் காஸெலி.

ஒருத்தருக்கு ஒரு மேட்ச், இன்னொருத்தருக்கு மூணு மேட்ச். என்ன கணக்கு இது?

முதல் ஆட்டம் தானாக வருவது. அதற்கு மேல் எத்தனை என்பதை நடுவரின் அறிக்கையைப் பார்த்து ஒழுங்குக் குழு முடிவு செய்கிறது. உறுதியான கோல் வாய்ப்பைத் தடுத்ததற்கு ஒரு ஆட்டம். முழங்கையால் இடிப்பது, குத்துவது, உதைப்பது, கடிப்பது, துப்புவது போன்ற தாக்குதலுக்குக் குறைந்தது மூன்று.

2010 உலகக் கோப்பையில் கானாவுக்கு எதிராகக் கோல் கோட்டில் நின்று கையால் பந்தைத் தடுத்த உருகுவேயின் சுவாரஸ் ஒரே ஒரு ஆட்டம்தான் இழந்தார். நெதர்லாந்துடன் நடந்த அரையிறுதி அது. ஆப்பிரிக்காவில் பலருக்கு இன்றும் அந்தக் கோபம் ஆறவில்லை. ஆனால் விதி அவ்வளவுதான் சொல்கிறது. கையால் தடுத்தவர் யாரையும் காயப்படுத்தவில்லையே.

தடையை ரத்து செய்தால் அந்த மேட்ச் ரிசல்ட்டும் மாறுமா?

மாறாது. இந்த வாதத்தில் பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. சிவப்பு அட்டைக்கு இரண்டு விளைவுகள் உண்டு. ஒன்று, அந்த ஆட்டத்தில் அணி பத்துப் பேரோடு ஆடுவது. அது நடந்து முடிந்துவிட்டது, அதை யாராலும் திருப்ப முடியாது. இரண்டாவது, அடுத்து வரும் ஆட்டங்களுக்கான தடை. ரத்து செய்யலாமா என்று கேட்பது இரண்டாவதைப் பற்றி மட்டும்தான்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. அட்டையால் லாபம் அடைவது அன்று எதிரே ஆடிய அணி. தடையால் லாபம் அடைவதோ அடுத்து வரும் அணி. அதற்கும் அந்தத் தவறுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆகவே தவறான தடையை நீக்கினால் யாருடைய நியாயமான உரிமையும் பறிபோவதில்லை. எதிர்த்து வாதாடுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

ரத்து, குறைப்பு, நிறுத்திவைப்பு எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. ரத்து என்றால் குற்றமே நிற்கவில்லை என்று பொருள். குறைப்பு என்றால் குற்றம் உண்டு, தண்டனை அதிகம். நிறுத்திவைப்பு என்றால் குற்றமும் சரி, தண்டனையும் சரி, ஆனால் இப்போது அனுபவிக்க வேண்டாம். ஃபிஃபா விதிப்படி ஒன்று முதல் நான்கு ஆண்டு வரை நன்னடத்தைக் காலம் வைக்கலாம். அதற்குள் அதே மாதிரி தவறு செய்தால் பழைய தடையும் சேர்ந்து விழும். செய்திகளில் மூன்றையும் 'தடை நீக்கம்' என்றே போட்டுவிடுகிறார்கள். கீழே வரும் ஒவ்வொரு வழக்கிலும் இது எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடியோவில் நடுவர் தப்பு பண்ணியது அப்பட்டமாகத் தெரிகிறது. அப்புறமும் ஏன் மாற்ற மாட்டேன் என்கிறார்கள்?

கால்பந்தின் ஐந்தாவது விதி, ஆட்டத்தோடு தொடர்புடைய விஷயங்களில் நடுவரின் முடிவே இறுதி என்கிறது. ஒழுங்குக் குழுக்கள் அதைத் தொட மாட்டார்கள். 'வெளிப்படையான பிழை' இருந்தால் மட்டும் ஒழுங்கு விளைவுகளை, அதாவது தடையை, மறுபரிசீலனை செய்யலாம் என்று ஃபிஃபா விதி ஒரு சின்னக் கதவு வைத்திருக்கிறது. அதற்கு விதியே சொல்லும் உதாரணம் ஆள் மாறாட்டம். ஐரோப்பாவின் கால்பந்து அமைப்பான யுஇஎஃப்ஏ இன்னும் கறார்: அட்டையை எதிர்த்து முறையிட வேண்டுமானால் ஆள் மாறியிருக்க வேண்டும், வேறு காரணம் எடுபடாது.

இதற்குமேல் ஒன்று. இரண்டு ஆட்டம் வரையிலான தடைக்கு ஃபிஃபாவில் மேல்முறையீடே கிடையாது. பெரும்பாலான சிவப்பு அட்டைத் தடைகள் ஒன்றோ இரண்டோதான். அதாவது எது அடிக்கடி நடக்கிறதோ அதற்கே கதவு பூட்டு. ஒரு ஆட்டத் தடை சின்ன விஷயம் என்பது லீக் ஆட்டக்காரருக்குப் பொருந்தலாம். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் தொடரில் அந்த ஒரு ஆட்டம் இறுதிப்போட்டியாக இருந்துவிட்டால்?

ஆள் மாறி அட்டை காட்டுவதெல்லாம் உண்மையிலேயே நடக்குமா?

நடக்கும். 2014 மார்ச்சில் செல்சி–ஆர்சனல் லீக் ஆட்டத்தில் பந்தைக் கையால் தடுத்தவர் ஆர்சனலின் ஆக்ஸ்லேட் சேம்பர்லின். நடுவர் வெளியே அனுப்பியதோ அதே அணியின் கீரன் கிப்ஸை. ஆக்ஸ்லேட் சேம்பர்லின் "நான்தான், நான்தான்" என்று சொல்லியும் நடுவர் கேட்கவில்லை. பிறகு இங்கிலாந்து சங்கம் விசாரித்து இருவருக்குமே தடை இல்லை என்றது. காரணம் சுவையானது: அந்தப் பந்து எப்படியும் கோலுக்கு வெளியேதான் போயிருக்கும், ஆகவே அது சிவப்பு அட்டைக் குற்றமே இல்லை.

உலகக் கோப்பையில் வேறு மாதிரிக் குளறுபடியும் நடந்திருக்கிறது. 2006இல் ஆஸ்திரேலியாவுடன் ஆடிய குரோஷியாவின் ஷிமுனிச்சுக்கு நடுவர் கிரஹாம் போல் மூன்று மஞ்சள் அட்டை காட்டிய பிறகுதான் வெளியே அனுப்பினார். இரண்டாவது மஞ்சளிலேயே சிவப்பு காட்டி அனுப்பியிருக்க வேண்டும்.

அப்படியென்றால் இங்கிலாந்தில் முறையிட முடிகிறது, உலகக் கோப்பையில் ஏன் முடியாது?

இங்கிலாந்தில் 'தவறான வெளியேற்றம்' என்று மனுப் போட ஒரு வழி இருக்கிறது. தவறு வெளிப்படையானது என்று நிரூபிக்க வேண்டும். வம்புக்குப் போட்டால் தடை கூடவும் செய்யும். அந்தப் பயம் இருப்பதால் எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு வருவதில்லை.

உலகத் தொடரில் இரண்டு ஆட்டத்துக்கு நடுவே மூன்று நான்கு நாள்தான் இருக்கும், விசாரிக்க நேரம் எங்கே என்பார்கள். எனக்கு இது சப்பைக்கட்டாகவே படுகிறது. 2014 உலகக் கோப்பையில் சுவாரஸ் இத்தாலியின் கியெல்லினியைக் கடித்தது ஜூன் 24. தடை அறிவிப்பு வந்தது ஜூன் 26. போட இரண்டு நாள் போதும் என்றால் நீக்கவும் அதே இரண்டு நாள் போதும்.

அதுவும் சரிதான், நடுவர் பார்க்காததற்குப் பிறகு தடை போடுகிறார்கள். பார்த்துத் தப்பாகக் கொடுத்ததை மட்டும் தொட மாட்டார்களாம். இது என்ன நியாயம்?

இந்தப் பக்கத்திலேயே கூர்மையான கேள்வி இதுதான். 1994 உலகக் கோப்பைக் காலிறுதியில் இத்தாலியின் தசோட்டி, ஸ்பெயினின் லூயிஸ் என்ரிகேயின் மூக்கை முழங்கையால் உடைத்தார். நடுவர் அட்டையே காட்டவில்லை. பிறகு படத்தைப் பார்த்து எட்டு ஆட்டத் தடை போட்டார்கள். சுவாரஸின் கடிக்கும் மைதானத்தில் அட்டை இல்லை. ஆனால் ஒன்பது சர்வதேச ஆட்டங்கள், கூடவே நான்கு மாதம் கால்பந்திலிருந்தே விலக்கு.

அமைப்புகளின் பதில் இது: நடுவர் பார்க்காத இடத்தில் முடிவே இல்லை, ஆகவே குழு எந்த முடிவையும் மாற்றவில்லை, புதிதாக எடுக்கிறது. தர்க்கமாகக் கேட்டால் சரி. ஆனால் விளைவைப் பாருங்கள். வீடியோ ஒருவரைத் தண்டிக்க வரும்போது சாட்சி, காப்பாற்ற வரும்போது சாட்சி இல்லை. எந்த விசாரணையிலும் இது கோணலாகத்தான் தெரியும்.

வார் வந்த பிறகு இந்தப் பிரச்சினையே தீர்ந்துவிட்டதே?

வார் என்பது வீடியோ பார்த்து நடுவருக்கு உதவும் முறை. அதனால் குறைந்திருக்கிறது, தீரவில்லை. 2018 உலகக் கோப்பையில் வார் வந்தபோது நேரடிச் சிவப்பு அட்டையும் ஆள் மாறாட்டமும் அதன் பட்டியலில் இருந்தன. இரண்டாவது மஞ்சளால் வரும் சிவப்பு இல்லை. சந்தேகத்துக்குரிய அட்டைகளில் நிறைய அந்த இரண்டாவது மஞ்சள்தான். இந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்ற பேச்சு பின்னால் பலமாக எழுந்ததும் அதனால்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. வார் பார்த்த பிறகும் கொடுத்த அட்டை என்றால் மேல்முறையீட்டுக்கான காரணம் பலவீனமாகிவிடுகிறது. நடுவர் திரையில் நாலு கோணத்தில் பார்த்து எடுத்த முடிவை, குழு அதே படத்தைப் பார்த்து மாற்றினால் அது வெறும் கருத்து வேறுபாடுதான், பிழைத் திருத்தம் ஆகாது. வார் இருக்கும் ஆட்டத்தில் கதவு இன்னும் குறுகலாக இருக்கட்டும் என்பேன்.

1998இல் லோரான் பிளானுக்கு நடந்தது அநியாயம்தானே?

எல்லோரும் முதலில் இழுக்கும் உதாரணம். உலகக் கோப்பை அரையிறுதி, பிரான்ஸ்–குரோஷியா. பெனால்டி பெட்டிக்குள் ஒரு ஃப்ரீ கிக்குக்காகக் காத்திருக்கிறார்கள். குரோஷியாவின் பிலிச் பிரான்ஸின் பிளானைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பிளான் கையை உயர்த்தித் தள்ளுகிறார். விரித்த கை பிலிச்சின் தாடைப் பக்கம் படுகிறது. பிலிச் நெற்றியைப் பிடித்துக்கொண்டு விழுகிறார். சிவப்பு அட்டை. நான்கு நாள் கழித்துத் தன் சொந்த நாட்டில் நடந்த இறுதிப்போட்டியில் பிளான் ஆடவில்லை. அவர் இடத்தில் லெபோஃப் ஆடினார், பிரான்ஸ் 3–0 என்று பிரேசிலை வென்றது.

பிலிச் நடித்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தாடையில் பட்டால் நெற்றி வலிக்காது. ஆனால் பிளானின் கை முகத்துக்குப் போனது என்பதும் உண்மை. பந்து ஆட்டத்தில் இல்லாதபோது முகத்தில் கை வைத்தால் அட்டை காட்டும் நடுவரை முட்டாள் என்று சொல்ல முடியாது. ஆகவே நான் கேட்கும் 'வெளிப்படையான பிழை' என்ற அளவுகோலில் இந்த வழக்கு தேறுமா என்றால், தேறாது என்றே நினைக்கிறேன். பிளானுக்கு வருத்தப்படலாம். தடையை ரத்து செய்திருக்கவேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நடித்தவனைப் பிறகு தண்டித்தால், நடிப்பால் வெளியே போனவனுக்குத் தடையை நீக்க வேண்டாமா?

2002 உலகக் கோப்பையில் பிரேசில்–துருக்கி ஆட்டம் இதற்கு நேர் உதாரணம். மூலையில் நின்ற பிரேசிலின் ரிவால்டோவை நோக்கித் துருக்கியின் ஹக்கான் உன்சால் பந்தை அடித்தார். பட்டது காலில், ரிவால்டோ பிடித்துக்கொண்டு விழுந்தது முகத்தை. உன்சாலுக்கு இரண்டாவது மஞ்சள், வெளியேற்றம். பிறகு நடிப்புக்காக ரிவால்டோவுக்கு ஃபிஃபா அபராதம் விதித்தது. உன்சாலின் அட்டை அப்படியே நின்றது.

இதிலும் ஒரு முள் இருக்கிறது. எதிராளி மேல் பந்தைக் கோபத்தோடு அடிப்பதே மஞ்சளுக்குத் தகுதியான செயல் என்று வாதாடலாம். ஆனாலும் நடிப்பு என்று அதிகாரப்பூர்வமாக ஒப்புக்கொண்ட பிறகு, அந்த நடிப்பைப் பார்த்துக் கொடுத்த தண்டனையைத் தானாகவே மறுபரிசீலனைக்கு எடுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. முடிவு எந்தப் பக்கம் போனாலும் சரி, காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும்.

காரிஞ்சா மட்டும் எப்படி ஃபைனல் ஆடினார்?

1962 உலகக் கோப்பை அரையிறுதியில் சிலி வீரர் ஒருவரை உதைத்ததற்காகப் பிரேசிலின் காரிஞ்சா வெளியேற்றப்பட்டார். அப்போது அட்டையும் இல்லை, தானாக வரும் தடையும் இல்லை. குழு கூடித்தான் முடிவெடுக்கும். சம்பவத்தை நடுவருக்குச் சொன்ன உருகுவே எல்லை நடுவர் எஸ்தேபான் மரினோ விசாரணை நேரத்தில் ஊரிலேயே இல்லை. பிரேசில் தரப்பு மேல்மட்டம் வரை முயன்றது. தடை வரவில்லை. காரிஞ்சா ஆடினார், பிரேசில் 3–1 என்று செக்கோஸ்லோவாக்கியாவை வென்றது.

'தானாக வரும் தடை வேண்டாம், ஒவ்வொன்றையும் குழு பார்க்கட்டும்' என்பவர்கள் இந்தக் கதையை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். நடுவர் தவறு செய்வார், உண்மை. குழுவின் அறைக்குள் செல்வாக்கு நுழையும், அதுவும் உண்மை.

ரூனிக்குக் குறைத்தார்களே, அடிபட்டவரே மன்னித்தால் போதுமா?

2011 அக்டோபரில் மாண்டினீக்ரோவின் ஜூடோவிச்சை உதைத்து இங்கிலாந்தின் ரூனி வெளியேறினார். யுஇஎஃப்ஏ மூன்று ஆட்டத் தடை போட்டது. உதைபட்ட ஜூடோவிச்சே தண்டனையைக் குறைக்கும்படி கடிதம் எழுதினார். மேல்முறையீட்டில் மூன்றாவது ஆட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. அந்த மூன்றாவது ஆட்டம்தான் யூரோ 2012இல் உக்ரைனோடு நடந்தது. இங்கிலாந்து 1–0 என்று வென்றது, அந்த ஒரே கோலை அடித்தவர் ரூனி. நிறுத்திவைப்பு யாரையும் பாதிக்காது என்பவர்களுக்கு உக்ரைன்காரர்கள் வேறு பதில் சொல்வார்கள்.

இது ரத்து அல்ல, ரூனி உதைத்ததை யாரும் மறுக்கவில்லை. அடிபட்டவரின் கடிதத்துக்கு மதிப்புக் கொடுக்கலாமா? எனக்கு உடன்பாடு இல்லை. நட்சத்திரத்துக்குக் கடிதம் எழுத ஆள் கிடைக்கும். சின்ன அணியின் மாற்று ஆட்டக்காரருக்கு யார் எழுதுவார்கள்?

ரொனால்டோவுக்கு 2025இல் செய்தது அதேதானே?

வகை அதே, அளவு பெரிது. நவம்பர் 13 அன்று டப்ளினில் அயர்லாந்தின் தாரா ஓஷேயை முழங்கையால் இடித்ததற்கு முதலில் மஞ்சள் வந்தது, வார் பார்த்த பிறகு சிவப்பு ஆனது. போர்ச்சுகலுக்காக அவர் வாங்கிய முதல் சிவப்பு அட்டை அது. மூன்று ஆட்டத் தடை. ஆர்மீனியாவுக்கு எதிரான ஆட்டத்தில் ஒன்று கழிந்தது. மீதி இரண்டும் ஓராண்டு நன்னடத்தைக் காலத்தோடு நிறுத்திவைக்கப்பட்டன. அவர் 2026 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்திலிருந்தே ஆட வழி திறந்தது.

விதியில் அதற்கு இடம் இருக்கிறது, ஆகவே சட்டவிரோதம் என்று யாரும் சொல்ல முடியாது. என் குறை வேறு. எந்தப் பிரிவின் கீழ் என்று அறிவிப்பில் இருந்தது, இவருக்கு ஏன் என்பது இல்லை. இத்தனை ஆண்டு சுத்தமான பதிவு காரணம் என்றால் அதைச் சொல்லட்டும். அடுத்த முறை பெயர் தெரியாத ஒரு பின்கள வீரர் அதே பதிவோடு வந்து கேட்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது வேண்டுமே.

மெஸ்ஸிக்கு முழுசாகவே ரத்து ஆச்சே?

ஆனது, ஆனால் அது சிவப்பு அட்டையே இல்லை. 2017 மார்ச்சில் சிலியுடன் ஆடியபோது துணை நடுவரைத் திட்டினார் என்று ஆட்டம் முடிந்த பிறகு நான்கு ஆட்டத் தடை போட்டார்கள். மே மாதம் ஃபிஃபா மேல்முறையீட்டுக் குழு, ஆதாரம் போதவில்லை என்று ரத்து செய்தது. நடுவர் களத்தில் முடிவெடுக்காததால் 'நடுவர் முடிவே இறுதி' என்ற சுவர் குறுக்கே நிற்கவில்லை. நான்கு ஆட்டம் என்பதால் மேல்முறையீட்டுக்கும் இடம் இருந்தது.

லோசான் தீர்ப்பாயத்துக்குப் போனால் நியாயம் கிடைக்காதா?

சுவிட்சர்லாந்தின் லோசானில் இருக்கும் விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் களத்தில் எடுத்த முடிவுக்குள் தலையிடுவதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. நடுவரின் உள்நோக்கம், மோசடி, ஊழல் என்று காட்டினால் மட்டும் பார்ப்பார்கள். தண்டனையின் அளவைக் கேட்கலாம். சுவாரஸ் கேட்டார். தடைக்காலம் குறையவில்லை, ஆனால் பயிற்சி போன்றவற்றுக்கு அனுமதி கிடைத்தது.

நடுவர் காசு வாங்கியிருந்தால்?

அப்போது தடை மட்டுமல்ல, ஆட்டமே போய்விடும். 2016 நவம்பரில் தென்னாப்பிரிக்கா–செனகல் தகுதிச் சுற்று ஆட்டத்தில் முழங்காலில் பட்ட பந்தைக் கையில் பட்டது என்று சொல்லிப் பெனால்டி கொடுத்தார் நடுவர் ஜோசப் லாம்ப்டே. ஆட்ட முடிவைத் திரித்தார் என்று அவருக்கு ஆயுள் தடை. ஆட்டம் 2017இல் மறுபடி நடந்தது, அவருடைய தடையைத் தீர்ப்பாயமும் உறுதி செய்தது. மூன்றாவது கேள்வியில் 'ரிசல்ட் மாறாது' என்று சொன்னதற்கு இது ஒரு விலக்கு.

விதியையே தவறாகப் பயன்படுத்தினாலும் விலக்கு உண்டு. 2005இல் உஸ்பெகிஸ்தான்–பஹ்ரைன் ஆட்டத்தில் பெனால்டியை மறுபடி அடிக்கச் சொல்ல வேண்டிய இடத்தில் நடுவர் எதிரணிக்கு ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார். ஆட்டத்தையே திரும்ப ஆடச் சொன்னது ஃபிஃபா.

ஃபைனல் என்றாலாவது விட்டுக்கொடுக்கலாமே?

கூடாது. ஃபைனலில் ஆடவேண்டும் என்ற ஆசை தவறு செய்யாதவருக்கும் இருக்கிறது. மஞ்சள் அட்டைகளுக்கு 2010 முதல் காலிறுதிக்குப் பின் கணக்கை அழிக்கிறார்கள், அது சரி. அது சின்னத் தவறுகளின் கூட்டல். சிவப்பு ஒரே செயலுக்கான தண்டனை. பிழை இருந்தால் முதல் சுற்றிலும் நீக்கு, பிழை இல்லை என்றால் ஃபைனலிலும் நிற்கட்டும்.

ஓய்வு பெற்றவருக்குத் தடை போட்டால் என்ன பிரயோஜனம்?

2006 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் இத்தாலியின் மட்டெராசியைத் தலையால் முட்டிய பிரான்ஸின் ஜிடானுக்கு மூன்று ஆட்டத் தடை. அவரோ அந்த ஆட்டத்தோடு ஓய்வு பெற்றுவிட்டார். பதிலுக்கு மூன்று நாள் சமூக சேவை செய்ய ஒப்புக்கொண்டார். வாயால் சீண்டிய மட்டெராசிக்கும் இரண்டு ஆட்டம் கிடைத்தது. இந்த இரண்டாவது பாதியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

தடையை அனுபவித்து முடித்த பிறகு தப்பு என்று தெரிந்தால்?

ஆடாமல் போன ஆட்டத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. மெஸ்ஸியின் தடை ரத்தாவதற்குள் பொலிவியாவுடன் நடந்த ஆட்டம் முடிந்து, அர்ஜென்டினா 0–2 என்று தோற்றும் விட்டது. ஆனாலும் ரத்துக்குப் பயன் உண்டு. பழைய தவறுகள் இருந்தால் அடுத்த தண்டனை கூடும். பதிவு சுத்தமாக இருந்தால் நன்னடத்தைச் சலுகை கேட்க முடியும். அதனால் தாமதமாகத் தெரிந்தாலும் அந்த வரியைப் பதிவிலிருந்து அடித்துவிட வேண்டும், அதையும் தடையை அறிவித்த அதே இடத்தில் அறிவிக்க வேண்டும்.